ஞானஸ்நானத் தொட்டியில் தலைப்பிரட்டைகள்

ஜூன் 9, செவ்வாய்

இன்றைய தவறு: சரியாகச் சொன்னால் இது இன்று செய்த தவறு அல்ல. மே மாதக் கடைசி ஞாயிறன்று செய்தது, இன்றுதான் தெரிய வந்தது. தலைப்பிரட்டைகளுக்கு இரண்டே வாரத்தில் கால் முளைத்துவிடும், தவளையாகிக் குதித்துப் போய்விடும் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். நூலகத்தில் இன்று எடுத்துப் பார்த்த புத்தகத்தில் ஆறு வாரத்துக்கு மேல் ஆகும் என்று இருக்கிறது. இனத்தையும் வெயிலையும் பொறுத்து இன்னும் கூடுமாம்.

அந்த இரண்டு வாரக் கணக்கை எனக்கு யார் சொன்னார்கள் என்று கடையில் வேலை செய்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை கேட்டது. டீச்சராக நின்றுகொண்டு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

மாலை வகுப்பில் எங்களுக்கு நாட்குறிப்பு எழுதுவது கட்டாயம். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி எடுப்பவர்கள் நாங்கள். தினமும் ஒரு தவறில் தொடங்க வேண்டும், மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும், நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஆசிரியை போட்ட விதி. "தப்பே பண்ணாத நாள்ல என்ன எழுதறது மேடம்?" என்று கடைசி வரிசையில் ஒருவர் கேட்டார். "அன்னைக்கு நீங்க வகுப்பே எடுக்கலன்னு எழுதுங்க" என்றார் அவர். எனக்கு இதுவரை அப்படி ஒரு வரி எழுத வாய்க்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்கள் சபைக் கட்டடத்தின் பின்முற்றத்தில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. சிமெண்டால் கட்டியது, இடுப்பளவு ஆழம். ஒரு பக்கம் இறங்கவும் மறுபக்கம் ஏறவும் படிகள். வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான் அதற்கு வேலை வரும். மற்ற நாளெல்லாம் கூரைக் குழாயிலிருந்து விழும் மழைத் தண்ணீர் அதில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

கடவுள் படைத்ததை மதித்துக் காப்பது என்ற பாடத்தை நான் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வாரம் படம் மாட்டிய அறைக்குள்ளேயே நடத்தினேன். 'காப்பது' என்று பலகையில் எழுதி எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். அடுத்த வாரம் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் கேள்விக்குறி தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து, "டீச்சர், தண்ணிக்குள்ள கமா எல்லாம் நீந்துது" என்றாள்.

அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்தது வகுப்புப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கேட்காத கேள்வி இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஓரம் உடைந்துபோன தடித்த வில்லை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். அதைத் தண்ணீருக்கு நெருக்கமாகப் பிடித்தால் தலைப்பிரட்டையின் வாய் தெரியும். சுவரில் படிந்த பச்சையை அது சுரண்டிச் சுரண்டித் தின்பது தெரியும். பிள்ளைகள் வில்லைக்காக அடித்துக்கொண்டார்கள்.

"பொறந்ததே ஞானஸ்நானத் தொட்டியில. அப்ப இதுங்க எல்லாம் நம்ம சபை விசுவாசிங்க" என்றான் குண்டூசி. ஒல்லியாக இருப்பான், அதனால் அந்தப் பெயர்.

"வாயால அறிக்கை பண்ணினாத்தான்டா விசுவாசி" என்றாள் கேள்விக்குறி. "இதுங்களுக்கு வாயே இப்பதான் வந்திருக்கு. டீச்சர், இது எப்ப தவளையாகும்?"

அப்போதுதான் நான் இரண்டு வாரம் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். அவள் முகம் மலர்ந்தது. வருகிற பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவுக்கு அதே தொட்டியில் ஞானஸ்நானம். அதற்குள் தவளைகள் போய்விடும், அப்பா இறங்கலாம். அவள் கணக்கு அது. கணக்கில் பிழை இல்லை. நான் கொடுத்த எண்தான் பிழை.

நாளை: சபைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாவி அண்ணனிடம் தொட்டியை எப்போது கழுவுவார் என்று கேட்க வேண்டும்.

ஜூன் 10, புதன்

இன்றைய தவறு: கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்பே, செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

தலைப்பிரட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்தது என்று காலையில் தோன்றியது. கடைக்குப் போகும் வழியில் சபைக்குப் போய், ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, தேநீர் வடிகட்டியால் கொஞ்சம் தலைப்பிரட்டைகளை அள்ளி விட்டேன். தெளிந்த தண்ணீர், வெள்ளை வாளி. பார்க்க அழகாகக்கூட இருந்தது. மாலை வகுப்புக்குப் போகும் முன் எட்டிப் பார்த்தால் எல்லாம் அடியில் அசையாமல் கிடந்தன.

புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே எழுதியிருந்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி சாகப் போடும் மருந்து இவற்றையும் கொன்றுவிடும். அவை பிறந்த தண்ணீரிலேயே வைக்க வேண்டும். நேற்று நான் ஒரு பக்கத்தோடு மூடிவிட்டேன்.

வாளியோடு நின்ற என்னைச் சாவி அண்ணன் பார்த்தார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சத்தம் வந்துவிடும்.

"என்னம்மா, மீன் வளக்கறியா?"

"தலைப்பிரட்டை அண்ணே. செத்துப்போச்சு."

"அப்பாடா, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "சனிக்கிழம காலையில தண்ணியத் தொறந்து விட்டுருவேன். பிளீச்சிங் பவுடரப் போட்டு நாலு தேய் தேய்ச்சா தொட்டி பளபளன்னு ஆயிரும். எப்பவும் அப்படித்தான் பண்றது."

"உள்ள இத்தன உயிர் இருக்கேண்ணே."

"இருக்கட்டும்மா. வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் இறங்குறாரு. பாசியில கால் வழுக்கி விழுந்தாருன்னா சபையே என்னைத்தான் பாக்கும். தவளையப் பாக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொட்டிக்கு அடியில் இருக்கும் துளை நேராகச் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீரைத் திறந்துவிட்டால் அள்ளியது போக மிச்சமெல்லாம் அந்த வழியில் போகும். அள்ளி வைத்தவற்றைப் புதுத் தண்ணீரில் திரும்ப விடவும் முடியாது. தேய்த்த சுவரில் அவற்றுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. வகுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். எந்த வழியிலும் கதவு இல்லை.

வகுப்பு முடிந்ததும் திரும்பிப் போய், செத்தவற்றைச் சபை முற்றத்து மூலையில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். வீட்டில் என் சொந்த அண்ணன் என் கையிலிருந்த மண்ணைப் பார்த்து என்ன என்று கேட்டான். சொன்னேன். "படைப்பைக் காக்கற பாடம் நல்லாத்தான் போகுது போல" என்றான். நான் கையைக் கழுவி, தலை குனிந்தபடி சாப்பிட்டு எழுந்தேன். அவனுக்கே என்னவோ போல் ஆகி, என் தட்டை எடுத்து அவனே கழுவி வைத்தான்.

நாளை: பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும். சொல்லாமல் இருக்க வழி தேடக் கூடாது.

ஜூன் 11, வியாழன்

இன்றைய தவறு: ஒரு வாடிக்கையாளரின் வலது வில்லையை அரை மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். மனம் வேலையில் இல்லை. காரணம், கேள்விக்குறியின் அம்மா கடைக்கு வந்திருந்தார்.

அவருடைய கண்ணாடியின் திருகு தளர்ந்திருந்தது. அதைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். நான் கண்ணாடியை வாங்கிச் சின்னத் திருப்புளியை எடுத்ததும், கண்ணாடி இல்லாத கண்ணால் என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, உங்க தவளையால எங்க வீட்ல அடுப்பே எரியல."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவர் ஞானஸ்நானம் எடுக்கறேன்னு சொல்லி ரெண்டு தடவ தள்ளிப்போட்டாரு. ஒரு தடவ லோடு வந்துருச்சு. இன்னொரு தடவ முதுகுவலி. இந்தத் தடவ எந்தச் சாக்கும் கிடைக்காம நல்லபடியா இருந்தாரு. பிள்ள போயி, தொட்டியில தவளைக் குஞ்சு இருக்குப்பா, இன்னும் காலே வரல, சனிக்கிழமையே சாவி மாமா கழுவினா செத்துரும்பான்னு சொல்லியிருக்கு. உடனே மனுஷன் என்னா சொல்றாரு தெரியுமா? பாவம் வாயில்லா ஜீவன், அதுங்க வளந்து போகட்டும், அப்புறமா பாத்துக்கலாம்ங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சிரிங்க, பரவால்ல. முதுகுவலிக்காவது தைலம் இருக்கு. தவளைக்கு நான் எங்க போறது?" அவருக்கும் உதட்டோரம் துடித்தது. பிறகு அது போய்விட்டது. "இந்த வாரம்தான் அவருக்கு லீவு. திங்கக்கிழம லாரிய எடுத்தா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. இந்தத் தடவ விட்டா அவரு இறங்க மாட்டாரு டீச்சர். எனக்குத் தெரியும்."

கேள்விக்குறி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்பா இறங்கினால் தலைப்பிரட்டைகள் சாகும். அவை பிழைத்தால் அப்பா இறங்கமாட்டார். அம்மா அழுவார். ராத்திரி படுக்கையில் அம்மாவிடம், "நான் யாரு பக்கம் ஜெபம் பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

திருகை முடுக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு எழுந்தவர், "பிள்ளைக்கு நல்லதுதான் சொல்லிக் கொடுக்கறீங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் போனதும் முதலாளி தலையை நீட்டினார். "அந்தம்மா கண்ணாடிக்கு வந்தாங்களா, தவளைக்கு வந்தாங்களா?"

"ரெண்டுக்கும் சார்."

"கண்ணாடிக்கு மட்டும்தான் நம்ம கடையில ஆள் இருக்குன்னு சொல்லியனுப்பு" என்றவர், கெட்டுப்போன வில்லையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார்.

நாளை: பாட்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு வாரம் என்று சொன்னது தவறு என்பதையும், வாளியில் செத்ததையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

இன்றைய தவறு: சொல்ல வேண்டியதை எழுதி வைத்துப் படித்தேன். பாதியிலேயே கேள்விக்குறி, "பேப்பரப் பாக்காம சொல்லுங்க டீச்சர்" என்றாள். மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

ஆறு வாரம் என்றதும் அவள்தான் முதலில் எழுந்தாள். "நீங்க ரெண்டு வாரம்னுதானே சொன்னீங்க? நான் எங்கப்பாகிட்ட அப்படியே சொல்லியிருக்கேன்."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

வாளி விஷயத்தையும் சொன்னேன். குண்டூசிகூட விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டான். காட்டினேன். எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் எதையும் முடித்துவைக்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு பாட்டைப் பாட வைத்துவிடுவேன்.

கேள்விக்குறி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "டீச்சர், முதமுதல்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க ஆத்துலதானே எடுத்தாங்க?" என்றாள்.

"ஆமா."

"அந்த ஆத்த யாரு கழுவுனாங்க?"

குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. புதன்கிழமை எழுதிய பட்டியலில் எல்லா வழியும் தண்ணீரை வெளியேற்றுவதில் தொடங்கியிருந்தது. வெளியேற்றாமலே விட்டால் என்ன என்று நான் எழுதவே இல்லை. இருக்கிற தண்ணீரிலேயே ஞானஸ்நானம். அதுவரைக்கும் தலைப்பிரட்டைகளை அதே தண்ணீர் நிரப்பிய பேசின்களில் வைப்பது. முடிந்ததும் திரும்ப விடுவது. அள்ளத் தப்பியவையும் சாகாது.

எல்லோருமாகப் போதகரிடம் போனோம். அவர் மேடைக்கு அடியில் படுத்து ஒலிபெருக்கியின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. நான் விளக்க விளக்கக் கால்கள் அசையாமல் கேட்டன.

"பிளீச்சிங் பவுடர் போடணும்னு வேதத்துல எங்கயும் இல்லதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு முகமும் வந்தது, கன்னத்தில் தூசியோடு. "ஆனா இறங்கப்போறவரு சம்மதிக்கணும்மா. பச்சைத் தண்ணியில முங்கி எழச் சொல்றோம். அவருக்கு மனசில்லன்னா நான் வற்புறுத்த மாட்டேன். அப்புறம் சாவி அண்ணன் சொல்றபடி தொட்டியக் கழுவ வேண்டியதுதான். இல்லன்னா தேதிய மாத்தணும்."

தேதியை மாற்றுவது என்றால் என்ன என்று கேள்விக்குறிக்கும் எனக்கும் தெரியும். அங்கே வந்து சேர்ந்த சாவி அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பவுடர் வேண்டாம், சரி. ஆனால் படிகளிலும் கால் வைக்கும் இடத்திலும் பாசியைத் துலக்கியே ஆக வேண்டும். "யாரு தேய்க்கறது?" என்று கேட்டுவிட்டு அவரே பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"எங்கப்பாகிட்ட நான் கேக்கறேன்" என்றாள் கேள்விக்குறி. "நீங்க கூட நின்னா போதும்."

நாளை: பேசின்கள், வடிகட்டிகள், தேய்க்கும் பிரஷ். காலையிலேயே போக வேண்டும்.

ஜூன் 13, சனி

இன்றைய தவறு: வடிகட்டியைக் குச்சியில் கட்டக் கயிறு எடுத்துப் போக மறந்தேன். சாவி அண்ணன் தன் சாவிக்கொத்தின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். நாள் முழுவதும் சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வருவது யாருக்கும் தெரியவில்லை.

பேசின்களில் தொட்டித் தண்ணீரை ஊற்றிச் சுவரின் நிழலில் வைத்தோம். பிள்ளைகள் விளிம்பைச் சுற்றிப் படுத்துக்கொண்டு அள்ளினார்கள். இரண்டு பேர் வேகமாக அள்ளிப் போட்டிபோட ஆரம்பித்தார்கள். "இது என்ன பந்தயமா? வால் அறுந்துரும், மெதுவா" என்று அதட்டியது நான் இல்லை, குண்டூசி.

லாரிக்காரர் பத்து மணி வாக்கில் மனைவியோடு வந்தார். கேள்விக்குறியின் அப்பா நல்ல உயரம். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கேள்விக்குறி தன் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் போய் நின்றாள். "அப்பா, தண்ணிய மாத்த மாட்டாங்க. தவளைக் குஞ்ச எல்லாம் நாங்க எடுத்துருவோம். நீங்க இதுலயே இறங்கணும். சரியா?"

"இதுலயா? பச்சையா இருக்கேம்மா."

"வழியில கால்வாயில எல்லாம் குளிச்சேன்னு கதை சொன்னீங்கல்ல? அது என்ன கலர்ல இருந்துச்சு?"

அவர் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அது வேற, இது வேற" என்றார் லாரிக்காரர்.

"ஏன் வேற?"

அவர் தண்ணீரை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். அவள் விடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "யோசிச்சு சொல்லுங்க. பொய்யா சரின்னு சொல்லக் கூடாது" என்றுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அள்ளுவதை நிறுத்தவில்லை. தணிந்த குரலில் பேசினார்.

"டீச்சர், தவளை ஒரு சாக்குதான். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"ம்."

"இறங்கினதுக்கு அப்புறம் நான் பழைய ஆளா இருக்கக் கூடாதுல்ல? ரோட்ல குறுக்க வர்றவன ஒரு வார்த்தை திட்டாம லாரி ஓட்ட முடியுமா? காலையில முங்கிட்டு சாயங்காலம் வாயத் தொறந்தேன்னா, பிள்ள முன்னாடி நான் யாரு? அதுக்கு இறங்காமலே இருந்துரலாம்ல?"

இதற்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். போதகரிடம் இருக்கும். என்னிடமும் ஞாயிறு பள்ளிப் பதில்கள் சில உண்டு. ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன். "இதுங்களக் காப்பாத்தறதப் பத்தி வாரா வாரம் பாடம் நடத்திட்டு, புதன்கிழம நானே கொஞ்சத்த வாளியில போட்டுக் கொன்னேன். இன்னைக்கு வெறும் வடிகட்டியோட வந்து நிக்கறேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். வாளியைப் பற்றி மகள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். இன்னும் சுருட்டினார். தொட்டி அதைவிட ஆழம் என்று தெரிந்ததும் அப்படியே இறங்கிவிட்டார். விளிம்பிலிருந்து எங்கள் கைக்கு எட்டாத இடம் படிகளுக்கு அடியில் இருந்தது. அங்கேதான் கூட்டமாக இருந்தன.

"வடிகட்டியக் கொடு" என்று மகளிடம் கை நீட்டினார்.

"இது ஞானஸ்நானத்துக்கு இறங்கறதா, இல்ல சும்மா இறங்கறதா?" என்றாள்.

"சும்மாதான். நாளைய பத்தி நாளைக்குப் பாக்கலாம்."

சாயங்காலம் வரை அள்ளினார். போகும்போதும் சரி என்று சொல்லவில்லை. அவர் மனைவியும் கேட்கவில்லை. படிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சாவி அண்ணனும் துலக்கினோம்.

நாளை: ஆராதனைக்கு முன்பே போய்ப் பேசின்களைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

இன்றைய தவறு: பேசின்களை நிழலில் வைத்தேன். நிழல் நகரும் என்று யோசிக்கவில்லை. பிரசங்கம் நீண்டது. நான் வெளியே வந்தபோது ஓரத்துப் பேசின் வெயிலில் இருந்தது. தொட்டால் தண்ணீர் சுட்டது. அதிலிருந்தவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன. மற்றப் பேசின்கள் நன்றாக இருந்தன.

லாரிக்காரர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டிருந்தார். அதைப் பார்த்தும் நான் நம்பவில்லை. போன முறையும் அந்த உடுப்போடு வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனவர் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார்.

பாடி முடித்ததும் சபை முழுவதும் பின்முற்றத்தில் கூடியது. பச்சைத் தண்ணீரைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "கழுவ ஆளில்லையா?" என்று ஒருவர் கேட்டார். "ஆளிருக்கு, பவுடருக்குத்தான் லீவு" என்றார் சாவி அண்ணன்.

போதகர் முதலில் இறங்கினார். லாரிக்காரர் படியில் கால் வைத்தார், நின்றார், பிறகு இறங்கினார். போதகர் கேட்க வேண்டியதைக் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்று அவர் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். லாரியில் பேசிப் பழகிய குரல். போதகர் ஒரு கையை அவர் முதுகில் வைத்து, மறுகையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் பாஸ்டர்" என்றார் லாரிக்காரர்.

முற்றம் அப்படியே நின்றது. அவர் மனைவி கண்களை மூடிக்கொண்டார். கேள்விக்குறி மூடவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

அவர் குனிந்தார். இரண்டு கையையும் தண்ணீருக்குள் மெல்ல விட்டு, சட்டையின் மடிப்புக்குப் பக்கத்தில் எதையோ தேடினார். சேர்த்த கைகளைத் தூக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். "பாப்பா, சீக்கிரம் வா. தண்ணி நிக்க மாட்டேங்குது."

கேள்விக்குறி ஓடினாள். கையிலிருந்து கைக்கு வாங்கி, முழங்கை இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு, நிழலில் இருந்த பேசின் வரைக்கும் ஓடினாள். கூட்டம் வழிவிட்டது. விட்டுவிட்டு, "ஆச்சுப்பா" என்று அங்கிருந்தே சொன்னாள்.

"இப்ப முக்குங்க பாஸ்டர்" என்றார் லாரிக்காரர்.

அவர் எழுந்தபோது காதின்மேல் நூல் போல ஒரு பாசி தொங்கியது. அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி அழுதுகொண்டே போய் அதை எடுத்துவிட்டார், எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பக்கத்தில் குண்டூசி, "கடைசி விசுவாசியும் வெளிய வந்தாச்சு" என்றான்.

கூட்டம் கலைந்தபின் தலைப்பிரட்டைகளைத் தொட்டியில் விட்டோம். வெயில் பட்ட பேசினை நான் மறைக்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். "எவ்வளவு செத்துச்சு?" என்று கேள்விக்குறி கேட்டாள். எண்ணவில்லை, பாதிக்கு மேல் என்றேன். அவள் பேசினையும் சுவரையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுத்த தடவ அந்தப் பக்கச் சுவர்கிட்ட வைக்கணும்" என்றாள். அங்கே நாள் முழுவதும் வெயில் வராதாம். ஒரு வருஷமாக அந்த முற்றத்தில் நிற்கிறேன், எனக்குத் தெரியாது.

'காப்பது' என்று பலகையில் எழுதியபோது என் மனதில் இருந்தது ஒரு படம். தோட்டம், மரம், அதன் கீழ் நல்ல மனிதர்கள். அந்தப் படத்தில் சுட்டுப்போன பேசின் இல்லை, அள்ளிய கையில் இருந்த வாடையும் இல்லை. அடுத்த வருஷம் இந்தப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. எழுதி வைக்க மட்டும் செய்கிறேன்.

லாரிக்காரர் குடும்பம் பைக்கில் கிளம்பியது. வாசலைத் தாண்டும்போது ஒரு சைக்கிள்காரன் குறுக்கே புகுந்தான். லாரிக்காரர் வாயைத் திறந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த கேள்விக்குறி தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு ஹார்னை அடித்தார், நீளமாக. "ஹார்ன் அடிக்கறதுல தப்பு ஒண்ணும் இல்லியே?" என்று அவர் கேட்டதும், "அது சைக்கிள்காரரத்தான் கேக்கணும்" என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகும் முன் வில்லையோடு இன்னொரு முறை தொட்டியைப் பார்த்தேன். ஒன்றிரண்டுக்கு வாலின் தொடக்கத்தில் இரு பக்கமும் சின்ன மொட்டு தெரிகிறது. கால் வரப்போகிறது. தொட்டியில் இருக்கும் படிகள் மனிதர் ஏறுவதற்கான உயரம். கால் முளைத்தாலும் அவற்றால் அதில் ஏறி வெளியே வர முடியாது.

நாளை: கடையில் ஃபிரேம் பெட்டிகள் வந்த மரப்பலகை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும். தொட்டிக்குள் அதைச் சாய்த்து வைக்க வேண்டும், மேல் நுனி விளிம்பைத் தொடுகிற மாதிரி.